இரும்புக்கும் நாவுக்கும் பதம்

தமிழில் 'பதம்' என்றொரு சொல் உண்டு. அடுப்படியில் அது சோறு வெந்த நிலையைக் குறிக்கும். எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் பச்சைத் தோல் அழுகாத தோலாக மாறும் நிலையைக் குறிக்கும். தொழிலுக்கே தோல் பதனிடுதல் என்றுதான் பெயர். கொல்லுப் பட்டறையில் இரும்பைக் காய்ச்சித் தோய்த்துப் பெறும் உறுதியைக் குறிக்கும். இலக்கணம் கற்றவருக்கோ அது சொல்லையே குறிக்கும். நன்னூலில் பதவியல் என ஓர் இயலே உளது. சோற்றுக்கும் தோலுக்கும் இரும்புக்கும் சொல்லுக்கும் பொதுவாக ஒரு சொல்லை வைத்த மொழியின் நுட்பத்தை நான் பல்லாண்டுகளாக மாணவர்க்கு எடுத்துரைத்து வந்திருக்கிறேன். ஆயினும், இரும்பின் பதத்தையும் சொல்லின் பதத்தையும் ஒருசேர ஆராய வேண்டிய தேவை என் வீட்டுக்குள்ளேயே எழும் என்று நான் எண்ணியதில்லை.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒன்பது வயது. அல்லாஹ் அவளுக்கு நல்ல நினைவாற்றலைத் தந்திருக்கிறான். மதரஸாவில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓதும்போது அவள் குரல் தனித்துக் கேட்கும். ஒரு தடங்கலும் இராது. தனியே இராகத்தோடு ஓதச் சொன்னாலும் பெரும்பாலும் தடங்கல் வாராது. ஆனால், "உன் பெயர் என்னம்மா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், முதல் எழுத்திலேயே நா நின்றுவிடும். கண்கள் மேலே செருகும். கழுத்து நரம்பு புடைக்கும். கேட்டவர் பொறுமை இழந்து வேறு பக்கம் திரும்புவார். ஒரு முறை பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது விடை சொல்ல இயலாமல் நின்றாள் என்றும், அன்று முழுவதும் உணவுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை என்றும் அவள் தோழி வந்து சொன்னாள்.

திக்குவாய் என்பது புதுமையான குறையன்று. பிள்ளைகளில் நூற்றுக்கு ஐவர் அளவில் ஏதேனும் ஒரு பருவத்தில் இதற்கு ஆளாகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தானே நீங்கிவிடுகிறது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிலைத்துவிடுகிறது. ஆயினும் இதைப் பற்றி மாந்தர் கொண்ட கருத்துக்கள்தாம் எத்தனை! என் மனைவியார் வசம்பை உரைத்து நாவில் தடவினார். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அதட்டி வளர்த்தால் சரியாகிவிடும்" என்றார். இவர்களை நாம் எள்ளி நகையாடுதல் முறையாகாது. 1841-ஆம் ஆண்டில் பெர்லின் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான டீஃபன்பாக் என்பவர், திக்குவாய்க்கு நாவே காரணம் என்று கருதி, நாவின் தசையையே அறுத்துப் பார்த்தார். அந்த முறை பயன் தராமல் கைவிடப்பட்டது. குறை நாவில் இல்லை என்பதும், பேச்சுக்குரிய அசைவுகளை மூளை காலம் தவறாமல் ஒழுங்குபடுத்தும் முறையில் நேரும் வேறுபாடே இது என்பதும், பரம்பரைக்கும் இதில் பங்குண்டு என்பதும் இன்றைய அறிஞர் கண்டவை.

நம் அரபு இலக்கியத்தில் நாவின் குறையைப் பற்றி விரிவாகப் பேசியவர் ஜாஹிழ். அவருடைய 'அல்பயான் வத்தப்யீன்' என்னும் நூலில் வாஸில் இப்னு அதாவைப் பற்றிய செய்தி வருகிறது. முஃதஸிலாக் கொள்கையின் முதல்வர்களுள் ஒருவரான வாஸில் பெரும் பேச்சாளர். ஆனால் அவருக்கு 'ரா' என்னும் எழுத்து வாராது. அரபு மொழியில் அந்த எழுத்து இல்லாமல் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுவது எத்துணைக் கடினம் என்பதை அம்மொழி அறிந்தோர் உணர்வர். அவரோ, 'ரா' வரும் சொற்களையெல்லாம் ஒதுக்கி, அவற்றின் பொருளுடைய வேறு சொற்களைக் கொண்டே நீண்ட சொற்பொழிவுகளை ஆற்றினார். அவருடைய கொள்கையோடு நமக்கு உடன்பாடில்லை எனினும், அவருடைய விடாமுயற்சியை வியக்காமல் இருக்க இயலாது. என் பேத்தியும் அவ்வாறே சில சொற்களை விட்டு விலகி வேறு சொல் தேடுவதை நான் கவனித்திருக்கிறேன். ஆனால் தன் பெயருக்கு மாற்றுப் பெயர் தேட ஒரு பிள்ளையால் இயலுமோ?

வேலூரில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பொறுமையோடு கேட்டார். பல பயிற்சிகளைச் சொல்லித் தந்தார். அவற்றுள் ஒன்று என் மனத்தில் பதிந்தது. திக்குகின்றவர் தாளத்துக்கு இசைய அசை அசையாகப் பேசினால் திக்கல் வெகுவாகக் குறையும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலாகப் படித்தாலும் குறையும், பாடினாலும் குறையும். இது நிலையான தீர்வு ஆகாது. ஆனால் தன் நாவும் தடையின்றி ஓடும் என்று பிள்ளை தானே உணர்ந்துகொள்ள இது ஒரு வாயில் என்றார். அப்போது எனக்கு மூஸா (அலை) அவர்களின் நினைவு வந்தது. தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டிய அந்த நபி, கூடவே தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்களன்றோ! தடுமாறும் நாவுக்கு அருகே இன்னொரு நா இருப்பது எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

அவ்வேளையில்தான் அந்தச் சிறு பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் தங்கை மகன் தோல் தொழில்நுட்பம் பயின்றவன். கென்யா நாட்டில் ஒரு டேனரியில் வேலை பார்க்கிறான். நம் பகுதிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உள்ள தொடர்பு பழையது. முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பின்னர் ஆப்பிரிக்கத் தோட்டங்களிலிருந்து வாட்டில் பட்டையும் அதன் சாறும் கப்பலேறி வந்தன. அந்த மரமோ ஆஸ்திரேலியாவில் பிறந்தது! பட்டை வந்த வழியே இப்போது நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். விடுமுறைக்கு வந்த அவன், "மாமா, பாப்பாவுக்காக நைரோபியில் வாங்கினேன்" என்று ஒரு மரப்பெட்டியை நீட்டினான். உள்ளங்கையிரண்டில் அடங்கும் பெட்டி. மேற்பலகையில் ஒரு துளை. அதன்மேல் எட்டு இரும்பு நாக்குகள் வரிசையாக இறுக்கப்பட்டிருந்தன. பெருவிரல் நகத்தால் அழுத்தி விட்டால் நாக்கு அதிர்ந்து, சிறு மணியடித்தாற்போல் ஒலிக்கும். வந்த எட்டில் மூன்று பயணத்திலேயே கழன்று தொலைந்திருந்தன.

இதைக் கலிம்பா என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இனத்துக்கு இனம் பெயர் வேறு. ம்பிரா என்பர், சான்சி என்பர். ஜிம்பாப்வே நாட்டின் ஷோனா மக்களிடம் இருபதுக்கு மேற்பட்ட நாக்குகள் கொண்ட பெரிய வகை உண்டு. ஒலி பெருக அதைச் சுரைக்குடுக்கைக்குள் வைத்து இசைப்பார்கள். 1586-இல் தென்கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்த ஜோவாவ் தோஸ் சாந்தோஸ் என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார், ஒன்பது இரும்புத் தகடுகள் கொண்ட இத்தகைய கருவியொன்றைக் கண்டு, 1609-இல் வெளிவந்த தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். நம் பயணி இப்னு பதூதா, 1352-ஆம் ஆண்டையொட்டி மாலி அரசவையில், அடியில் சுரைக்குடுக்கைகள் கட்டிய, தட்டி இசைக்கும் கருவி ஒன்றைக் கண்டதாகக் கூறுகிறார். அது வேறு கருவி. எனினும் குடுக்கைக்குள் ஒலியை வளர்க்கும் கலை அக்கண்டத்தில் எவ்வளவு பழையது என்பதற்கு அது சான்று. இருபதாம் நூற்றாண்டில் ஹ்யூ டிரேசி என்னும் ஆங்கிலேயர் ஆப்பிரிக்க இசையைத் தேடித் தொகுத்து, 1950களில் தென்னாப்பிரிக்காவில் இக்கருவியின் எளிய வடிவத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். கலிம்பா என்ற பெயர் உலகெங்கும் பரவியது அதனாலேயே. 2020-இல் யுனெஸ்கோ நிறுவனம், மலாவி, ஜிம்பாப்வே நாடுகளில் இதைச் செய்யும் கலையையும் இசைக்கும் கலையையும் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இன்று கடைகளில் பெரிதும் விற்பது பதினேழு நாக்குகள் கொண்ட வகை. இமாம் இப்னுல் ஜஸரி (ரஹ்) அவர்கள் அரபு எழுத்துக்களின் பிறப்பிடங்களைப் பதினேழு என வகுத்ததை ஓதிக் கொடுக்கும் எனக்கு, அந்த எண்ணைக் கண்டதும் புன்னகை தோன்றிற்று. இது தற்செயலான ஒற்றுமையே. ஆயினும், நா எங்கே ஊன்றுகிறது, எவ்வளவு நீளம் விடுபட்டு அசைகிறது என்பதைப் பொறுத்து ஒலி மாறும் என்பதைத் தொல்காப்பியரின் பிறப்பியலிலும் நம் தஜ்வீத் நூல்களிலும் படித்தவனுக்கு, இரும்பு நாவின் இலக்கணம் விளங்குவதில் அவ்வளவு சிரமம் இல்லை.

தொலைந்த மூன்று நாக்குகளை நாங்களே செய்துகொள்வது என்று தீர்மானித்தோம். பேத்திக்கு ஒரே மகிழ்ச்சி. வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் அவள் தட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

முதலில் குடைக்கம்பி. அது பள்ளமாக வளைத்த தகடாதலால், தட்டி நிமிர்த்தியபின்தான் நாவாயிற்று, ஒலி மெலிது. அடுத்துச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. நுனியைத் தட்டித் தட்டையாக்கியதும் இனிமையாக ஒலித்தது. ஆப்பிரிக்கக் கைவினைஞர்களும் ஸ்போக்ஸ் கம்பியையும் பழைய ஆணிகளையும் மெத்தைச் சுருள்களையும் கொண்டே இதைச் செய்வார்கள் என்று பின்னர் அறிந்தேன். பித்தளைத் தகட்டின் ஒலி, அதே அளவுள்ள எஃகைவிடத் தாழ்ந்திருந்தது. பித்தளை எடை கூடியது, விறைப்புக் குறைந்தது என்பதே காரணம். ஆக்ஸா பிளேடு கணீரென்று ஒலித்தது. ஆனால் வளைத்தால் ஒடியும். பல் விரலைக் கிழிக்கும்.

கடைசியில் கைகொடுத்தது நம்மூர்ப் பொருளேயாகும். செருப்புக்கும் பூட்ஸுக்கும் அடியில், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே, பாதம் மடங்காமல் தாங்குவதற்காக ஓர் எஃகுப் பட்டையை வைத்துத் தைப்பார்கள். அதற்கு ஷாங்க் என்று பெயர். உலகமெல்லாம் நடக்கும் கால்களைத் தாங்கும் அந்தப் பட்டைகளில் கழித்துப் போட்டவை சில என் மாணவன் ஒருவன் வாயிலாகக் கிடைத்தன. நடுவில் முதுகெலும்பு போன்ற மேடும் சிறிது வளைவும் இருந்தமையால் அவற்றைக் கொல்லரிடம் எடுத்துச் சென்றேன்.

"என்ன பாய், வாத்தியார் வேலையை விட்டுட்டு இரும்பு வேலைக்கு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார் அவர்.

"நாக்கு வேண்டும் ஆசாரியாரே, எட்டு நாக்கு" என்றேன்.

அவர் ஷாங்கைச் செந்தணலில் காய்ச்சி, மேட்டைத் தட்டித் தட்டையாக்கினார். ஆறவிட்டுக் கையில் கொடுத்தார். அழுத்தினால் வளைந்தது, வளைந்தபடியே நின்றது. "இதுக்கு இன்னும் பதம் ஏறல" என்றார். மீண்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். இப்போது அது கண்ணாடி போல் கடினமாயிற்று. ஒன்றைக் கல்லில் தட்டிக் காட்டினார், முறிந்தது. பின்னர் மற்றவற்றின் பரப்பைத் துலக்கி, இளந்தணலில் காட்டினார். வைக்கோல் நிறம் தோன்றி, பழுப்பாகி, ஊதாவாகி, மயிலின் கழுத்துப் போல் நீலம் படர்ந்த கணத்தில் எடுத்துவிட்டார். "நீலம் வந்தா போதும். இனிமே வளையும், திரும்பவும் வரும்" என்றார்.

அடுத்துச் சுருதி. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது; பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்து பார்க்கத்தக்கது. ஒரு முனை இறுக்கப்பட்ட தகட்டின் அதிர்வு, அதன் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு நான்கு மடங்காகும். தடிமன் இருமடங்கானால் அதிர்வும் இருமடங்கு. அகலம் சுருதியை மாற்றாது. ஆகவே பழந்தமிழர் 'குரல்' என்ற முதற்சுரத்துக்கு விடுபட்ட நீளம் 6 செ.மீ. என்று வைத்தால், 'இளி' எனும் ஐந்தாம் சுரத்துக்கு ஏறத்தாழ 4.9 செ.மீ., மேற்குரலுக்கு 4.2 செ.மீ. வேண்டும். அரைச் சுரம் உயர்த்த நூற்றுக்கு மூன்று பங்கு குறைத்தால் போதும். அதாவது இரண்டு மில்லிமீட்டரும் இல்லை. நுனியை அராவினால் சுருதி ஏறும். அடியை அராவினால் இறங்கும். நுனியில் தேன்மெழுகு வைத்தாலும் இறங்கும். நம் கருநாடக இசையின் முகர்சிங் கலைஞர்களும் தம் கருவியின் இரும்பு நாவில் மெழுகு வைத்தே சுருதியைத் தாழ்த்துவார்கள். நாக்கு ஊன்றும் இடம் மட்டும் அசையக்கூடாது. அங்கே மயிரிழை தளர்ந்தாலும் ஒலி ஈரத் துணியில் விழுந்தாற்போல் செத்துவிடும்.

இன்னும் ஒன்று. கொல்லர் ஏற்றிய பதத்தால் சுருதி உயரும் என்றுதான் பலரும் நினைப்பர். அளந்து பார்த்தால், பதம் ஏறாத பட்டையும் பதம் ஏறிய பட்டையும் ஒரே நீளத்தில் ஏறக்குறைய ஒரே சுருதியில்தான் ஒலிக்கின்றன. அறிவியலும் அதையே சொல்கிறது; எஃகின் விறைப்பைப் பதம் அவ்வளவாக மாற்றுவதில்லை. பதம் தருவது வேறொன்று: அழுத்தப்பட்ட பின்னும் தன் இடத்துக்கு மீண்டு வரும் ஆற்றல்.

கருவி செய்து முடிந்தது. வேறொரு கேள்வி வாசலில் வந்து நின்றது. மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், "ஹஸ்ரத், உங்கள் வீட்டில் வாத்தியச் சத்தம் கேட்கிறதே!" என்றார். கேட்டதில் தவறில்லை. இசைக்கருவிகளைப் பற்றி நம் இமாம்களிடையே நெடிய ஆராய்ச்சி உண்டு. நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் பெரும்பாலோர் விலக்கினர். திருமணம் போன்ற மகிழ்ச்சி நாட்களில் தஃப் முழக்க இடமுண்டு என்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் கேட்பவன் நிலையையும் நோக்கத்தையும் பகுத்து விரிவாக ஆராய்ந்தார்கள். இப்னு ஹஸ்ம் போன்றோர் இன்னும் இடம் கொடுத்தனர். நான் தீர்ப்பு வழங்கும் இடத்தில் இருப்பவன் அல்லன். நண்பரைக் கூடத்தில் அமர வைத்தேன். பேத்தி அந்தப் பெட்டியை மடியில் வைத்து, அசைக்கு ஒரு தட்டாகத் தமிழ்ப் பாடத்தை ஒரு பக்கம் படித்தாள். நண்பர் அவளைப் பிறந்த நாள் முதல் அறிந்தவர். அவள் இத்தனை சொற்களை ஒருங்கே பேசி அவர் கேட்டதில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "குர்ஆன் ஓதும்போது மட்டும் இது வேண்டாம்" என்றார். "அதற்கு இது தேவையே இல்லை, அங்கே அவள் நா தானே ஓடுகிறது" என்றேன். அவ்வளவில் எங்கள் வழக்கு முடிந்தது.

அவர் சென்றபின் ஸபா அத்தியாயத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். தாவூத் (அலை) அவர்களுக்கு அருளப்பட்டவற்றைச் சொல்லும் ஒரே வசனத்தில், மலைகளும் பறவைகளும் அவர்களோடு சேர்ந்து துதித்ததும் வருகிறது; இரும்பு மென்மையாக்கப்பட்டதும் வருகிறது. குரலும் இரும்பும் அடுத்தடுத்து வைக்கப்பட்ட அவ்விடத்தை நான் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அன்றுதான் அங்கே சற்று நின்றேன்.

பேத்தியின் நிலையைச் சொல்ல வேண்டும். திக்கல் நீங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். கருவியைக் கீழே வைத்ததும் பழைய தடங்கல் வருகிறது. களைத்திருக்கும் நாளில் அதிகம் வருகிறது. ஆனால் மாற்றம் ஒன்று உண்டு. முன்பு முதல் எழுத்தில் நின்றுவிட்டால் தலைகுனிந்து ஓடிவிடுவாள். இப்போது நிற்கிறாள்; மடியில் பெட்டி இல்லாவிட்டாலும் பெருவிரல் ஆள்காட்டி விரலை மெல்லத் தட்டுகிறது; இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ பெயரைச் சொல்லி முடிக்கிறாள். சென்ற மாதம் வருகைப் பதிவில் அவள் விடை சொல்லும்வரை ஆசிரியை அடுத்த பெயருக்குப் போகாமல் காத்திருந்தாராம். அன்று உணவுப் பாத்திரம் காலியாகத் திரும்பியது. "நன்னா, என் நாக்குக்கும் நீலம் வந்துடுச்சா?" என்று என்னிடம் கேட்டாள். "வந்துகொண்டிருக்கிறது அம்மா" என்றேன்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பிள்ளை இருக்கலாம். கலிம்பா வாங்க வேண்டும் என்பதில்லை. இரும்பைத் தேடி அலைய வேண்டும் என்பதும் இல்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். பிள்ளை தொடங்கிய சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். உறவினர் முன்னிலையில் பேசச் சொல்லிச் சோதிக்காதீர்கள். தினமும் சிறிது நேரம் அதனோடு சேர்ந்து ஒரே குரலாக ஒரு பக்கம் படியுங்கள். "மெதுவாகச் சொல்" என்று அதற்குச் சொல்வதைவிட, நாம் மெதுவாகக் கேட்பதே மேல்.